எடுத்து வைத்தலும் பதுக்கலும்

தூரத்தில் கிடக்கிற ஒரு பொருளை, நாங்கள் கேட்க முதலே கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவது உதவியா, கரைச்சலா? சும்மா கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த ஒரு கேள்வியோடேயே வருடக்கணக்காக மினக்கெட்ட கொம்பியூட்டர் ஆராய்ச்சியாளர்கள் கனபேர் இருக்கிறார்கள். ஃபைல் ஒரு இடத்தில், அதைத் திறக்கிற ஆள் இன்னொரு இடத்தில், நடுவில் ஒரு நெட்வேர்க். இப்படி அமைந்ததைத்தான் டிஸ்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டம் என்பார்கள். தமிழில் பரம்பிய கோப்பு முறைமை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் போனில் திறக்கிற பகிர்வு ஃபோல்டர் தொடக்கம், பெரிய ஆய்வுகூடங்களின் சுப்பர் கொம்பியூட்டர் வரை எல்லாவற்றுக்கும் பின்னால் இது ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

கம்பஸ் முதலாம் வருடப் பிள்ளைகளுக்காக இந்தப் பாடத்தைத் தமிழில் குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமான சொற்கள் எல்லாம் எப்படியோ வழிக்கு வந்துவிட்டன. 'கேஷ்' என்பதை 'கிட்டடிப் பிரதி' என்று எழுதினேன். (கேஷ் என்றதும் காசு என்று நினைத்துச் சிரிக்கிற பிள்ளைகள் எல்லா பட்சிலும் இருப்பார்கள்.) 'பிரிஃபெட்ச்' என்பதை 'முன்கூட்டி எடுத்தல்' என்று எழுதினேன். என்னை மூன்று நாள் நிற்பாட்டி வைத்தது 'ஹோர்ட்' என்ற ஒரு சின்னச் சொல்.

அந்தச் சொல் 1992இல் வெளிவந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில் வருகிறது. ஜேம்ஸ் கிஸ்லர், மகாதேவ் சத்யநாராயணன் இரண்டு பேரும் எழுதியது. சத்யநாராயணன் சென்னை ஐ.ஐ.ரி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே அவருடைய குழு 'கோடா' என்ற ஃபைல் சிஸ்டத்தைக் கட்டியது. நெட்வேர்க் அறுந்தாலும் வேலை அறக்கூடாது என்பதுதான் கோடாவின் அடிப்படை எண்ணம். லப்டொப்பைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும், அல்லது சேர்வர் விழுந்துபோனாலும், உங்களுடைய ஃபைல்கள் வழமை மாதிரித் திறக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அறுக முதலே தேவையான ஃபைல்களை எடுத்து லப்டொப்பில் சேர்த்து வைப்பது. இந்தச் சேர்க்கிற வேலைக்குத்தான் அவர்கள் 'ஹோர்டிங்' என்று பெயர் வைத்தார்கள்.

அகராதியைத் திறந்தால் முதல் அர்த்தம்: பதுக்கல்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதுக்கல் எண்டா கள்ள யாவாரியின்ர வேலை பிள்ளை. அவன் விலை ஏறட்டும் எண்டு ஒளிச்சு வைக்கிறவன். நாங்கள் எல்லாம் பதுக்கேல்ல, எடுத்து வைச்சனாங்கள்."

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்த ஆள் அம்மா. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் கண்ணில் காணக் கிடைக்காத காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் படித்தவ. கிடைக்கிற அன்றைக்கு ஒரு போத்தல் எண்ணெயை எடுத்து வைப்பது அந்தக் காலத்து வீடுகளில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு பழக்கம். இது ஒரு சொல்லுக்கான சண்டை மாதிரித் தெரிந்தாலும், அம்மா பிரித்துக் காட்டிய அந்த வித்தியாசம்தான் இந்த முழுப் பாடத்துக்கும் நடுமுள் என்று எனக்குப் பிறகு விளங்கியது. முன்கூட்டி எடுக்கிற ஒரு சிஸ்டம் எப்போது எடுத்து வைக்கிறது, எப்போது பதுக்குகிறது?

முதலில், ஏன் எடுத்து வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

கொம்பியூட்டரின் மெமரியில் இருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நனோ செக்கன் போகும். சுழலுகிற ஹார்ட் டிஸ்க்கில் ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி செக்கன். இரண்டுக்கும் இடையில் ஒரு லட்சம் மடங்கு. மெமரியில் எடுப்பதை ஒரு செக்கன் என்று நினைத்துக்கொண்டால், டிஸ்க்கில் எடுப்பது 27 மணித்தியாலத்துக்கும் மேல். அதற்கு மேலே நெட்வேர்க் தூரம் வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செக்கனில் 200 கிலோமீட்டர்தான் ஓடும். கொழும்பில் இருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் இழுத்தாலும் போய்வர 140 மில்லி செக்கன் வேண்டும். எவ்வளவு காசு கொட்டினாலும் இந்தக் கணக்கை மாற்ற ஏலாது.

ஆகவே தூரத்தைக் குறைக்க முடியாது, காத்திருப்பை இடம் மாற்றத்தான் முடியும். ஒருமுறை எடுத்ததைக் கிட்டடியில் வைத்திருந்தால் இரண்டாம் முறை காத்திருக்கத் தேவையில்லை. அது கேஷ். கேட்க முதலே எடுத்துவிட்டால் முதல்முறையும் காத்திருக்கத் தேவையில்லை. அது முன்கூட்டி எடுத்தல்.

கேஷ் மட்டும் சரியாக இருந்தாலே எவ்வளவு மாறும் என்பதற்கு கோடாவின் தாய் சிஸ்டம் நல்ல உதாரணம். 1983 அளவில் கார்னகி மெலனும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து தொடங்கிய 'அண்ட்ரூ' திட்டத்தில் பிறந்தது அது. பல்கலைக்கழகம் முழுக்க 5,000க்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்களை இணைப்பது இலக்கு. ஒரு ஃபைலைத் திறந்தால் முழு ஃபைலும் உங்கள் டிஸ்க்குக்கு வந்துவிடும். முதல் பதிப்பில் ஒரு கரைச்சல் இருந்தது. திரும்பத் திறக்கிற ஒவ்வொரு முறையும், "என்னட்ட இருக்கிற பிரதி பழசாகிட்டுதா?" என்று உங்கள் கொம்பியூட்டர் சேர்வரிடம் கேட்கும். பெரும்பாலும் பதில் "இல்லை" என்றுதான் வரும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே சேர்வர் களைத்துவிட்டது. ஒரு சேர்வரால் 20 கொம்பியூட்டர் அளவைத்தான் தாங்க முடிந்தது. அடுத்த பதிப்பில் பொறுப்பைத் திருப்பிப் போட்டார்கள். "நீ கேட்காதே, மாறினால் நானே சொல்லுறன்" என்று சேர்வர் வாக்குக் கொடுக்கும். அதற்குப் பெயர் 'கோல்பக்'. இந்த மாற்றத்தோடும் வேறு சில திருத்தங்களோடும் ஒரு சேர்வர் தாங்கியது 50 கொம்பியூட்டர் அளவுக்கு ஏறியது. சேர்த்து வைப்பது பாதி வேலைதான். வைத்திருப்பது பழசாகிவிட்டது என்று வந்து சொல்ல ஒருவர் இருப்பது மற்றப் பாதி.

இனி ஊகத்துக்கு வருவோம். அடுத்து என்ன கேட்பீர்கள் என்று ஒரு மெஷினுக்கு எப்படித் தெரியும்?

ஆகச் சுகமான ஊகம் வரிசை. ஒரு ஃபைலின் முதல் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் வாசித்தால் மூன்றாம் பக்கத்தையும் வாசிப்பீர்கள். லினக்ஸ் இதைத் தன்பாட்டில் செய்யும். வழமையான எல்லை 128 கிலோபைட். கொஞ்சம் கெட்டித்தனமான ஊகம், ஃபைல்களுக்கு இடையிலான உறவைப் பார்ப்பது. 1994இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கிரிஃபியனும் அப்பிள்டனும், ஒரு ஃபைலைத் திறந்தால் கிட்டத்தில் வேறு எந்த ஃபைல் திறபடுகிறது என்று எண்ணி வைத்து, அந்த எண்ணிக்கையில் இருந்து ஒரு நிகழ்தகவு வரைபடம் கட்டினார்கள். 'அ'வுக்குப் பிறகு அடிக்கடி 'ஆ' வந்தால், 'அ' திறக்கும்போதே 'ஆ'வைக் கொண்டு வா. அவ்வளவுதான்.

எனக்கு ஆகப் பிடித்தது இதற்கு அடுத்த படி. 1990களின் தொடக்கத்தில் விட்டரும் கிருஷ்ணனும் கோட்பாடாகக் காட்டியதை, 1996இல் சாந்தா குரூஸில் குரோகரும் லோங்கும் ஃபைல் சிஸ்டத்தில் செய்து பார்த்தார்கள். தகவலைச் சுருக்குகிற அல்கோரிதமையே ஊகிக்கவும் பயன்படுத்தலாம் என்பது அந்த எண்ணம். யோசித்துப் பாருங்கள். 'யாழ்ப்' என்று எழுதினால் மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். மிச்சத்தைச் சொல்ல முடியுமென்றால் அதை முழுக்க எழுதத் தேவையில்லை, அதுதான் சுருக்கம். அடுத்தது என்ன என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் நல்லாச் சுருக்கத் தெரியும். நல்லாச் சுருக்கத் தெரிந்ததைக் கொண்டு அடுத்த ஃபைலையும் ஊகிக்கலாம். இதை வாசித்த அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை. சந்தோசத்தில்தான்.

ஆனால் ஊகம் பிழைக்கும். பிழைத்தால் செலவு யாருடையது? அம்மாவின் கேள்வி இங்கேதான் வருகிறது.

கிட்டடி இடம் சிறியது. ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். எதைத் தள்ளுவது? 1966இல் ஐ.பி.எம்.மில் வேலை செய்த லாஸ்லோ பெலாடி இதற்கு அப்பழுக்கில்லாத ஒரு விடை சொன்னார். இனிமேல் ஆகப் பிந்தித் தேவைப்படப் போவதைத் தள்ளு. பிரச்சினை என்னவென்றால் அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அது ஒரு அளவுகோலாகத்தான் நிற்கிறது. 1995இல் பெய் காவோ, ஃபெல்ட்டன், கார்லின், காய் லி நாலு பேரும் முன்கூட்டி எடுத்தலையும் கேஷையும் ஒன்றாக வைத்துப் பார்த்து நான்கு விதிகள் சொன்னார்கள். அதில் ஒன்றின் பெயர் 'கேடு செய்யாதே'. நாளைக்குத் தேவைப்படப் போவதை எடுத்து வைப்பதற்காக இன்றைக்குத் தேவைப்படப் போவதை வெளியே எறியாதே என்பதுதான் அதன் சாரம். வைத்தியர்கள் சொல்கிற வாசகம் ஒரு ஃபைல் சிஸ்டக் கட்டுரைக்குள் இருந்ததைக் கண்டபோது கொஞ்சம் அதிசயமாக இருந்தது.

அந்த விதி ஒரு கொம்பியூட்டரின் கதை. கனக்கக் கொம்பியூட்டர் ஒரே பாதையைப் பயன்படுத்தினால் கதை இன்னும் பாரதூரம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லாப்பில் 30 கொம்பியூட்டர். ஒவ்வொன்றும் ஊகித்து 100 ஃபைல் எடுக்கிறது, ஒவ்வொரு ஃபைலும் ஒரு மெகாபைட். ஊகம் 60 வீதம் சரி. கேட்க நல்ல புள்ளி மாதிரித்தான் இருக்கும். ஆனால் மிச்சம் 40 ஃபைலும் வீண். 30 கொம்பியூட்டருக்கும் சேர்த்து 1,200 மெகாபைட். எல்லாருக்கும் பொதுவான பாதை 100 மெகாபிட் என்றால், ஒரு செக்கனுக்கு 12.5 மெகாபைட்தான் போகும். 96 செக்கன் அந்தப் பாதை ஒருவருக்கும் தேவைப்படாத சாமானைச் சுமந்திருக்கிறது. அந்த ஒன்றரை நிமிசத்தில் மூலையில் இருக்கிற ஒரு பிள்ளை உண்மையாகவே ஒரு ஃபைலைக் கேட்டுக் காத்திருக்கும். அந்தப் பிள்ளையின் கேள்வி மற்றவர்களின் ஊகங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

வரிசை என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 2022. பெற்றோலுக்கு நின்ற வரிசைகளில் எல்லாரும் கள்ள யாவாரிகள் இல்லை. பெரும்பாலான ஆக்கள் நாளைக்கு இல்லாமல் போய்விடும் என்று பயந்து ராங்கை நிரப்ப வந்தவர்கள். ஒவ்வொருவராகப் பார்த்தால் எடுத்து வைத்தல்தான். எல்லாரும் ஒரே நாளில் எடுத்து வைத்ததால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஓட்டோவும் அதே வரிசையில் நின்றது. பிறகு கியூஆர் முறை வந்து, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கு போட்டபோதுதான் வரிசை குறையத் தொடங்கியது. அதிலும் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஃபைல் சிஸ்டம் கட்டுகிறவர்களும் கடைசியில் வந்து சேர்கிற இடம் அதுதான். ஊகத்துக்கு ஒரு பங்கு மட்டும், உண்மையான கேள்வி வந்தால் ஊகம் ஒதுங்கி நிற்க வேண்டும். நல்ல மனம் மட்டும் இருந்தால் பதுக்கல் ஆகாது என்று சொல்ல ஏலாது. பாதையும் இடமும் பொது என்ற கணக்கும் வேண்டும்.

சரி, அளவோடு எடுத்து வைக்கிறோம். எதை எடுத்து வைப்பது என்று யார் முடிவெடுப்பது?

அதே 2022, மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தங்கச்சி சாதாரண தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சோதனை மே மாசம். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் கிட்டத்து ரவரின் பற்றரியும் முடிந்துவிடும், பிறகு சிக்னலும் இல்லை. ரீச்சர் போட்ட கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் ஒரு பகிர்வு ஃபோல்டரில். போனில் ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். கணிதம் 2018, கணிதம் 2019, விஞ்ஞானம் பகுதி இரண்டு. ஒன்றையும் திறக்க முடியாது. பெயர்கள் கிட்டடியில் இருக்கின்றன, உள்ளடக்கம் கடலுக்கு அங்கால். அதே போனில் அவள் பார்க்கிற ஒரு வீடியோ அப், அடுத்தடுத்து அவள் பார்க்கக்கூடும் என்று நினைத்த குட்டி வீடியோக்களை முன்கூட்டி எடுத்து வைத்திருந்தது. சிக்னல் இல்லாத இரவில் அவை மட்டும் அழகாக ஓடின. அவளுடைய டேட்டாவில், அவளுடைய போனின் இடத்தில், அவளைக் கேட்காமல் எடுத்து வைத்தவை.

"அக்கா, எனக்கு வேணுமெண்டது ஒண்டும் இல்லை, வேண்டாததெல்லாம் இருக்கு" என்றாள்.

ஊகம் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. போன மாதத்துத் தங்கச்சியை வைத்துப் பார்த்தால் அது சரியான ஊகம்தான். அவள் வீடியோ பார்க்கிறவள்தான். ஆனால் கடந்தகாலத்தில் இருந்து படிக்கிற எந்த ஊகத்துக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. முதல்முறை நடப்பது அதற்குத் தெரியாது. சோதனை வருகிறது என்றோ, நாளைக்கு இரவு சிக்னல் இருக்காது என்றோ அவளுடைய பழைய பழக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

மின்வெட்டு அட்டவணை முதல்நாளே எழுத்து எழுத்தாகப் பிரித்து வந்துவிடும். இரண்டாம் கிழமையில் இருந்து தங்கச்சி ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினாள். எங்கள் எழுத்துக்கு எப்போது கரண்ட் போகுமென்று பார்த்து, அதற்கு அரை மணித்தியாலம் முதல் பட்டியலில் உள்ள ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பாள். முதலில் கணிதம், ஏனென்றால் அதுதான் அவளுக்குக் கஷ்டம். இடம் போதாவிட்டால் கடைசியில் உள்ள வரலாறு வெட்டுப்படும்.

இது அப்படியே கோடா. அங்கேயும் பயனர் எழுதுகிற ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முன்னுரிமை எண். இந்தப் பட்டியலையும் அண்மையில் எதைத் திறந்தீர்கள் என்ற ஊகத்தையும் சேர்த்துத்தான் சிஸ்டம் முடிவெடுக்கும். பத்து நிமிசத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சுற்றிப் பார்த்து, விடுபட்டதைக் கொண்டுவரும். வெளிக்கிட முதல் நீங்களே "இப்ப ஒருக்காச் சுத்திப் பார்" என்று கட்டளையும் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் இதற்கு அவர்கள் பயன்படுத்திய டிஸ்க் 100 மெகாபைட். சில மணித்தியாலத் துண்டிப்புக்கு அது போதும் என்று எழுதியிருந்தார்கள். தங்கச்சியின் போனில் அந்த வீடியோக்களே அதைவிடக் கூட இடம் பிடித்திருந்தன.

அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டபோது கையில் இருந்த பை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிறகு பனடோல், பிறகு இடம் இருந்தால் உடுப்பு. வழமையான நாளில் காணி உறுதியை யார் தொடுகிறார்கள்? வருடத்துக்கு ஒருதரம்கூட இல்லை. அடிக்கடி தொடுவதை மட்டும் எடுத்து வைக்கிற ஒரு மெஷின் அந்தப் பைக்குள் சீப்பையும் தேத்தண்ணிக் கோப்பையையும்தான் வைத்திருக்கும்.

ஆட்களிடம் பட்டியல் கேட்பது கரைச்சல் என்று நினைத்த ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு புரோகிராம் ஓட எத்தனை சின்னச் சின்ன ஃபைல் தேவை என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? 1997இல் லொஸ் ஏஞ்சலிஸில் கியூனிங்கும் பொப்பெக்கும் 'சீயர்' என்ற சிஸ்டத்தைக் கட்டினார்கள். அது நீங்கள் வேலை செய்வதைப் பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டித் திறபடுகிற ஃபைல்களை ஒரு குழுவாக்கி, ஒரு வேலைக்குத் தேவையான முழுக் குழுவையும் சேர்த்து வைக்கும். தனித்தனி ஃபைலை ஊகிப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் பாதிக் குழு இருந்தால் வேலை நடக்காது.

இன்னொரு வழி, ஆளைக் கேட்காமல் புரோகிராமைக் கேட்பது. 1995இல் கார்னகி மெலனில் ஹூகோ பட்டர்சனும் கார்த் கிப்சனும் அதைச் செய்தார்கள். "இதைக் கேஷில் வை, அதைத் தூக்கு" என்று புரோகிராம் கட்டளையிடக் கூடாது. "நான் இனி இந்த ஃபைல்களை இந்த வரிசையில் வாசிக்கப் போறன்" என்று உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். எதை எவ்வளவு எடுப்பது என்று எல்லாருடைய தேவையையும் பார்த்து சிஸ்டம் முடிவெடுக்கும். எல்லாரும் கட்டளை போட்டால் சண்டைதான் வரும், எல்லாரும் தேவையைச் சொன்னால் பங்கு போடலாம்.

இது பழைய கதை இல்லை. இன்றைக்கு ஏஐ மொடல்களைப் பயிற்றும்போது லட்சக்கணக்கான சின்ன ஃபைல்களைக் குலுக்கிப் போட்ட வரிசையில் வாசிப்பார்கள். வெளியே இருந்து பார்க்கிற ஊகத்துக்கு அது வெறும் இரைச்சல், ஒரு ஒழுங்கும் தெரியாது. ஆனால் அந்தக் குலுக்கலைத் தொடங்கிய எண் புரோகிராமின் கையில் இருக்கிறது. அது தெரிந்தால் முழு வரிசையும் முதலே தெரியும். 2021இல் சூரிச்சில் ஒரு குழு இதை வைத்தே, எந்தக் கொம்பியூட்டருக்கு எப்போது எந்த ஃபைல் தேவை என்று கணக்கிட்டு முன்கூட்டி எடுக்கிற ஒரு முறையைக் கட்டியது. பெலாடிக்குத் தேவைப்பட்ட எதிர்காலம் சில வேளைகளில் உண்மையாகவே கிடைக்கிறது. தெரிந்தவனிடம் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்து வைத்ததற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. துண்டிப்பு முடிந்து திரும்பி வரும்போது, நீங்கள் மாற்றியதும் மற்றவர் மாற்றியதும் முட்டலாம். அவர்கள் ஒரு வருடத் தரவைப் பார்த்தார்கள். ஒரே ஃபைலை இரண்டு வேறு ஆட்கள் ஒரு நாளுக்குள் மாற்றுகிற வாய்ப்பு 0.75 வீதத்துக்கு மேல் இல்லை என்று கண்டார்கள். இப்படி முட்டுவது அரிது என்ற நம்பிக்கையில்தான் எல்லாரையும் பூட்டி வைக்காமல் சுதந்திரமாக எழுத விட்டார்கள். அந்த முக்கால் வீதம் நடந்தால்? சிஸ்டம் ஒருவருடைய வேலையைத் தூக்கி எறியாது. முட்டியதைத் தனி ஃபைலாக எழுதி உங்களிடம் தரும், முடிவு உங்களுடையது. திரும்பி வந்தவனின் வேலைக்கும் மதிப்புக் கொடுக்கிற அந்த ஒழுங்கு எனக்கு நல்லாப் பிடித்தது.

இப்படி யோசித்து முடிந்தபிறகு குறிப்பில் 'ஹோர்டிங்' என்ற இடத்தில் 'எடுத்து வைத்தல்' என்று எழுதினேன். 'பதுக்கல்' என்ற சொல்லையும் விடவில்லை. பொதுப் பாதையையும் மற்றவரின் இடத்தையும் கணக்கெடுக்காமல், உரியவரைக் கேட்காமல் சேர்ப்பதற்கு அதை வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கிற இரண்டு வேலையை எங்களிடம் இரண்டு சொல் பிரித்துச் சுமக்கின்றன. தமிழில் தொழில்நுட்பம் எழுதுவது மொழிபெயர்ப்பு வேலை மட்டும்தான் என்று சொல்கிற ஆக்களுக்கு இதை ஒருக்காச் சொல்லிப் பார்க்கலாம்.

குறிப்பை வாசித்த முதலாம் வருடத் தம்பி ஒருவன் வந்து கேட்டான். "அதெல்லாம் சரி அக்கா, அப்ப எவ்வளவு எடுத்து வைக்கிறது? ஒரு நம்பர் சொல்லுங்கோ."

நம்பர் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது என்று சொல்லி, லினக்ஸ் செய்வதைக் காட்டினேன். தொடக்கத்தில் ஒரு சின்னத் துண்டுதான் முன்கூட்டி எடுக்கும். நீங்கள் தொடர்ந்து வரிசையாக வாசித்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட, பிறகு இன்னும் கொஞ்சம் கூட. அப்படியே போய் அந்த 128 கிலோபைட் எல்லையில் நின்றுவிடும். இடையில் நீங்கள் வேறு எங்கேயாவது பாய்ந்தால், தன் ஊகம் இங்கே சரிவராது என்று விளங்கிக்கொண்டு கையைச் சுருக்கிக்கொள்ளும். தம்பி அதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய போனில் எந்த அப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று செட்டிங்ஸில் தேடத் தொடங்கினான்.